மாசிக் கடலும் ஒரு பிரசங்கமும்

ஆண்டின் பருவங்களை ஆறாகப் பகுத்த நம் முன்னோர் மாசியையும் பங்குனியையும் பின்பனிக்கு ஒதுக்கினர். மலையும் வயலும் உள்ள நாட்டுக்கு அப்பகுப்புப் பொருந்தலாம். தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாற்றையும் வேம்பாற்றையும் ஒட்டிய கடற்கரையில் பனியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. காற்றைப் பற்றித்தான் பேசுவர். ஐப்பசி தொடங்கித் தை வரை வீசிய வாடை தளர்ந்திருக்கும். மணலை வாரி முகத்தில் இறைக்கும் கச்சான் இன்னும் பிறந்திராது. இவ்விரண்டுக்கும் நடுவே கடல் சில வாரங்கள் மூச்சடக்கிக் கிடக்கும், நீர் தெளியும். அத்தெளிவை நம்பியே பல நூற்றாண்டுகளாக முத்துக்குளிப்பு பங்குனியையொட்டி நடந்துவந்தது. தவக்காலமும் பெரும்பாலும் இந்நாட்களில்தான் வருகிறது.

சென்ற தவக்காலத்தில், குருமடத்தில் நமக்கு மூன்றாண்டு இளையவரான ஒரு குருவானவர், வேம்பாரில் மூன்று நாள் தியானப் பிரசங்கம் செய்ய நம்மை அழைத்தார். "உங்கள் பிரசங்கத்தை மறக்காதவர்கள் இங்கே இருக்கிறார்கள்" என்று தொலைபேசியில் வேடிக்கையாகச் சொன்னார். அவருக்கு அது வேடிக்கை. நம் பிரசங்கம் ஒன்றை உண்மையாகவே மறக்க முடியாத ஒரு குடும்பம் அவ்வூரில் குடியிருப்பதை நாம் அறிவோம். ஆறு ஆண்டுகளாக அவர்களைப் போய்க் காணவேண்டும் என்று எண்ணுவதும், ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் கண்டுபிடித்துத் தள்ளிப்போடுவதுமாக இருந்தோம். திருவிழா, கோவில் வேலை, கால்வலி. இம்முறை காரணம் எதுவும் அகப்படவில்லை. மாசியின் கடைசி வாரத்தில் தூத்துக்குடியிலிருந்து பேருந்து ஏறினோம்.

நகரை விட்டு வடக்கே திரும்பியதும் உப்பளங்கள் தொடங்கிவிடுகின்றன. மழைக்காலத்தில் ஏரிபோல் கிடந்த அளங்களில் வரப்புகளைச் செப்பனிட்டு, பாத்தியின் அடிமண்ணைக் காலால் மிதித்து இறுக்கி, உவர்நீர் பாய்ச்சும் வேலை தை மாதமே ஆரம்பமாகிவிடும். நாம் சென்ற நாளில் சில பாத்திகளில் உப்பு விளையத் தொடங்கியிருந்தது. பிற நாடுகளில் இளவேனில் வருமுன் மரம் பூக்கும். இங்கே பூப்பது உப்பு. மழை மாதங்களில் வேலையின்றி வீட்டிலிருந்த பெண்கள் தலையில் துணி சுற்றி வரிசையாக நின்றிருந்தனர். வெள்ளைப் பாத்தியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொலைவில், ஆழமற்ற நீரில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து இரை தேடிக்கொண்டிருந்தன.

தருவைகுளம் விலக்கில் நால்வர் இறங்கினர். ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிப்போரின் ஊர் அது. அடுத்து வேப்பலோடை. இவ்வூர்ப் பெயரை நடத்துநர் சொல்லும்போது எவரும் தலை திருப்புவதில்லை. ஆயினும் 1973ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், நம் நாட்டில் முதன்முதலாக மனித முயற்சியால் உருண்டை முத்து விளைந்தது இங்கேதான். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் டாக்டர் கே. அழகர்சாமியும் அவருடன் உழைத்தோரும் உயிருள்ள சிப்பியின் உடலைக் கீறி, ஓட்டைக் கடைந்து செய்த சிறு மணியை உள்ளே வைத்தனர். அதனுடன் வேறொரு சிப்பியின் மேலுறைச் சதையில் ஒரு துணுக்கையும் சேர்த்தனர். அத்துணுக்கு வளர்ந்து மணியைச் சுற்றிப் பையாகி, முத்துப்பூச்சைப் படலம் படலமாகச் சுரந்தது. உள்ளே புகுந்த அந்நியப் பொருளைச் சிப்பி துப்புவதில்லை. மூடி மூடி வைக்கிறது. இதைக் கருப்பொருளாக்கி நாம் இளமையில் எத்தனையோ பிரசங்கங்கள் செய்ததுண்டு. அவற்றுள் ஒன்றுகூட இப்போது நினைவில்லை. நினைவில் நிற்பது வேறொரு பிரசங்கம்.

குளத்தூர் கடந்து வைப்பாற்றுப் பாலம் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றிச் சாத்தூர் வழியாக வரும் ஆறு. நாம் கண்டது மணல். கீழ்ப்புறம் கடலோரத்தில் சிப்பிகுளம், கீழவைப்பார். அதன் பின் உடைமரமும் பனையும் மாறி மாறி வர, சூரங்குடியைத் தாண்டி வேம்பாரில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது.

வேம்பாறு, வைப்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு என்று முத்துக்குளித்துறையின் ஏழு பட்டினங்களை நம் வீட்டுப் பெரியவர்கள் வரிசை பிசகாமல் சொல்வர். அவ்வரிசையில் வடகோடியில் நிற்பது இவ்வூர். 1530களில் பரதவ மக்கள் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர்; 1542இல் புனித சவேரியார் இக்கரைக்கு வந்தார். அவரது வாழ்க்கையைப் பற்றிப் பேசுவோர் மணியடித்துச் சிறுவரைக் கூட்டியதையே பெரிதும் சொல்வர். நமக்கு அவருடைய கடிதங்களே பிடிக்கும். 1544ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், படையெடுப்புக்கு அஞ்சித் தூத்துக்குடி மக்கள் எதிரேயுள்ள தீவுகளுக்கு ஓடி, உணவும் குடிநீரும் இன்றித் தவித்தபோது, உடனே படகுகளைத் திரட்டிக்கொண்டு தண்ணீரோடு போகுமாறு உடனுழைப்பாளரான மான்சிலாசுக்கு அவர் அவசரமாக எழுதினார். அதில் பிரசங்கம் இல்லை. படகு, தண்ணீர், உணவு, இன்றைக்கே போ என்ற கட்டளை, அவ்வளவே.

அத்தீவுகளின் தொடர் வேம்பாருக்கு எதிரிலும் உண்டு. நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, புழுவினிச்சல்லி என்று பெயர். குடிநீர் கிடைக்குமா கிடைக்காதா என்பதைக் கொண்டே நம் கடலோடிகள் ஒரு தீவுக்குப் பெயரிட்டனர். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் அரசு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தபின், அனுமதியின்றி எவரும் அவற்றில் கால்வைக்க இயலாது. தூத்துக்குடிக்கு எதிரிலிருந்த விலாங்குச்சல்லி இன்று கடலுக்குள் மூழ்கிவிட்டது. பவளப்பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் விற்ற காலத்தின் விளைவு அது. கரைக்கு அரணாக நின்ற பாறையைக் கரையிலுள்ளோரே வெட்டினர்.

இனி முத்துக்கு வருவோம். பதினைந்து இருபது கிலோ எடையுள்ள கல்லைக் கயிற்றில் கட்டி, அதன்மேல் பாதத்தை வைத்து, மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு ஒருவன் ஆறு முதல் பத்துப் பாகம் வரை இறங்குவான். ஒரு நிமிடம், கூடக் குறைய. கைக்கு எட்டிய சிப்பிகளை வலைப்பையில் அள்ளிக் கயிற்றை அசைத்தால் மேலே உள்ளவன் இழுக்கவேண்டும். அக்கயிற்றைப் பிடிக்க மைத்துனனையே நம்புவர் என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். தங்கை தாலியறுப்பதை அவன் விரும்பான் அல்லவா! அள்ளியதில் ஒரு பங்கு அரசுக்கு. பாண்டியனாயினும் போர்த்துக்கேயராயினும் ஒல்லாந்தராயினும் ஆங்கிலேயராயினும் இவ்விதி பெரிதாக மாறியதில்லை.

சுறாவுக்கு அஞ்சி, கரையில் ஒரு மந்திரக்காரரை நிறுத்தும் வழக்கமும் இருந்தது. அவருக்குக் கடல்கட்டி என்று பெயர். அவர் மந்திரித்தால் சுறாவின் வாய் கட்டப்பட்டுவிடும் என்பது நம்பிக்கை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, எடுத்த சிப்பியில் இருபதில் ஒரு பங்கு இந்த மந்திரக்காரருக்குப் போயிற்று என எழுதிவைத்திருக்கிறார். மூச்சடக்கி இறங்கியவனுக்கு இருந்த அச்சம் கரையில் வாயசைத்தவருக்கு வருமானமாயிற்று. குருவானவரான நாம் இதைச் சிரித்துக்கொண்டு எழுதக்கூடாதுதான்.

முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. சிப்பிப் பார்கள் பழையபடி விளையவில்லை. குளிப்பவர்கள் சங்கைத் தேடிப் போயினர். இக்கடற்சங்கு வங்காளத்தில் மணப்பெண்ணின் வளையலாகிறது. கல்லும் கயிறும் மறைந்து, கம்ப்ரசர் வந்தது. வள்ளத்தின் எஞ்சினோடு அதைப் பூட்டி ஓட்டுவர். அதிலிருந்து நீண்ட குழாயின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு ஒருவன் கடலடியில் ஒரு மணி, இரண்டு மணி நேரம் நடப்பான். மூச்சடக்க வேண்டியதில்லை. பாட்டன் நாற்பது முறை இறங்கி எடுத்ததைப் பேரன் ஒரே முறையில் எடுத்துவிடலாம். அது பெரிய வசதியாகவே எல்லோருக்கும் தோன்றிற்று.

1998ஆம் ஆண்டு. நாம் குருப்பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகள்கூட நிறையவில்லை. கடற்கரைப் பங்கு ஒன்றில் உதவிக் குருவாக இருந்தோம். ஊரின் பெயர் வேண்டாம். அதுவும் மாசி மாதந்தான். ஒரு ஞாயிறு காலை, இரண்டாம் பூசைக்கு மணியடித்துக்கொண்டிருந்தபோது, சங்கு குளிக்கும் வள்ளம் ஒன்றை மற்றொரு வள்ளம் இழுத்துக்கொண்டு கரைசேர்ந்தது. கோவில் முகப்பில் நின்று பார்த்தோம். முப்பது முப்பத்தைந்து வயதுள்ள ஒருவரை நால்வர் தூக்கி இறக்கினர். இடுப்புக்குக் கீழே அவருக்கு உணர்வில்லை.

ஞாயிறன்று தொழிலுக்குப் போகக்கூடாது என்று அவ்வாண்டு முழுவதும் நாம் ஓயாமல் சொல்லிவந்தோம். சொல்லியும் கேளாதவர்மேல் நமக்குக் கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்கு இதோ ஒரு சான்று அகப்பட்டுவிட்டது. அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசையில், கோவில் நிறைந்திருக்க, மூன்றாம் கட்டளையைப் பற்றிப் பிரசங்கம் செய்தோம். பெயர் சொல்லவில்லை. "கடவுளுக்குரிய நாளைக் களவாடுகிறவனின் கால்களைக் கடவுள் கட்டிப்போடுவார்" என்றோம். எதுகை மோனை அமைந்த வாக்கியம். முந்தின இரவு எழுதி, இரண்டு முறை உரக்கப் படித்துப் பார்த்ததும் நினைவிருக்கிறது. பூசை முடிந்து பலர் பாராட்டினர். அவருடைய மனைவி பெண்கள் பக்கத்தில் மூன்றாம் தூணருகே தரையில் அமர்ந்திருந்தார். எழுந்து போகவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டதோடு சரி.

சில மாதங்களில் நமக்கு மாற்றல் வந்தது. அக்குடும்பமும் மனைவியின் பிறந்த ஊரான வேம்பாருக்குப் போய்விட்டதாகப் பின்னர் கேள்விப்பட்டோம். அதன் பிறகு அதைப் பற்றி நாம் எண்ணவில்லை என்பதே உண்மை.

ஆறு ஆண்டுகளுக்கு முன், நோயாளிகளுக்கு நற்கருணை வழங்கச் சென்ற இடத்தில், சங்கு குளித்துக் கால் விழுந்த இளைஞன் ஒருவனைக் கண்டோம். என்ன நோய் என்று மருத்துவரைக் கேட்டோம். அவர் கோலி சோடாவைச் சொல்லி விளக்கினார். புட்டி மூடியிருக்கும்வரை உள்ளே காற்று இருப்பதே தெரியாது. அழுத்தத்தில் நீரோடு நீராய்க் கரைந்து கிடக்கும். கோலியைத் தட்டியதும் நுரைத்துப் பொங்குகிறதல்லவா? கடலில் பத்து மீட்டர் இறங்கினால் உடல்மேல் உள்ள அழுத்தம் இரு மடங்கு. இருபது மீட்டரில் மும்மடங்கு. அந்த ஆழத்தில் குழாய்வழியே மூச்சுவிடுகிறவனின் இரத்தத்திலும் சதையிலும் நைட்ரஜன் கரைந்துகொண்டே போகும். மெல்ல மெல்ல, இடையிடையே நின்று நின்று மேலே வந்தால் அது நுரையீரல் வழியே வெளியேறிவிடும். விரைந்து வந்தால் உள்ளேயே குமிழியாகும். குமிழி தண்டுவடத்தைத் தாக்கினால் கால் போய்விடும். ஒரே மூச்சில் இறங்கி ஒரே மூச்சில் ஏறிய பழைய முத்துக்குளிப்போருக்கு இந்நோய் அவ்வளவாக இல்லை. ஆகவே இதற்கு எதிரான பழமொழியோ எச்சரிக்கையோ நம் மக்களிடம் இருந்ததில்லை. கருவி வந்தது, அதனோடு வந்திருக்க வேண்டிய அறிவை எவரும் கொண்டுவரவில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் அன்று. பிரான்சு நாட்டின் பால் பெர் என்பார் 1878இலேயே குமிழிகளைப் பற்றி எழுதிவிட்டார். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்று ஏறவேண்டும் என்ற அட்டவணையை ஜே. எஸ். ஹால்டேனும் அவருடைய தோழர்களும் 1908இல் வெளியிட்டனர். நாம் கோவிலில் நின்று கடவுள் கால்களைக் கட்டிப்போடுவார் என்று முழங்கியபோது, அந்த அட்டவணைக்குத் தொண்ணூறு வயது.

வேம்பாரில் இரண்டாம் நாள் காலை, கோவில்பிள்ளையின் மகன் வழிகாட்ட அவர்கள் வீட்டுக்குப் போனோம். ஊரின் மேற்கே பனங்காடு. பாளை சீவும் பருவம் தொடங்கிவிட்டது. இவ்வட்டாரக் கருப்பட்டிக்குத் தனிப்பெயர் உண்டு. அதன் ஆண்டு இந்த மாதங்களில்தான் பிறக்கிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசிக் கட்டினால்தான் பதநீர் புளியாமல் நிற்கும். கடற்சிப்பியைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பையும் அதற்குப் பயன்படுத்துவர். கடலில் கிடந்தது மரத்தின் உச்சிக்கு ஏறி இனிப்பைக் காக்கிறது. வழியில் ஒரு பனையேறி இறங்கிவந்து, ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றித் தந்தார். நோன்புக் காலம் என்று தயங்கினோம். "இது தண்ணிதான் சாமி" என்றார். குடித்தோம். உண்மையில் தொண்டை வறண்டிருந்தது.

திண்ணையில் அமர்ந்து அவர் வலை கட்டிக்கொண்டிருந்தார். தலை முழுதும் நரைத்திருந்தது. சுவரில் ஒரு கைத்தடி சாய்ந்திருந்தது. நம்மை நிமிர்ந்து பார்த்து, சிறிது நேரம் யோசித்து, "சின்னச்சாமிதானே?" என்றார். உதவிக் குருவை அவ்வூரில் அப்படித்தான் அழைப்பர். நரைத்த தலையோடு அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டு அமர்ந்தோம்.

பத்து மாதம் படுக்கையில் கிடந்ததாகவும், பின்னர் ஒரு காலுக்கு மட்டும் பாதி உயிர் வந்ததாகவும், பிடித்துக்கொண்டு நடப்பதாகவும் சொன்னார். புகார் சொல்லும் தொனி இல்லை. கடலடியைப் பற்றிக் கேட்டபோது முகம் மலர்ந்தது. மாசிப் பங்குனியில் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கும், மணலில் சங்கு ஊர்ந்து போன தடம் கோடுபோல் தெரியும், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் முடிவில் சங்கு இருக்கும் என்று விரலால் திண்ணையில் வரைந்து காட்டினார்.

நாம் வந்த காரியத்தைச் சொன்னோம். சோடாப் புட்டியின் கதையைச் சொன்னோம். அது தண்டனையன்று, மேலே விரைந்து ஏறியதால் வந்த நோய் என்றும், அதை அறியாமல் அன்று பேசியது தவறு என்றும் சொன்னோம். அவர் வலையூசியை மடியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேகமா ஏறாம என்ன செய்ய சாமி? எஞ்சின் நின்னு போச்சு. எஞ்சின் நின்னா கம்ப்ரசர் நின்னுரும். கொழாய்ல காத்து வரல. ஒரே ஒதையா ஒதைச்சு மேல வந்தேன். சாயங்காலமே காலு மரத்துப் போச்சு. எஞ்சின் இல்லாம ராத்திரி பூரா கடல்லயே கெடந்தோம். விடிஞ்சு வேற வள்ளம் வந்துதான் இழுத்துக்கிட்டு வந்தது."

நமக்கு உடனே விளங்கவில்லை. எந்த இரவு என்று கேட்டோம்.

"சனிக்கெழம ராத்திரி. நாங்க தொழிலுக்குப் போனது சனிக்கெழம காலையில சாமி. ஞாயித்துக்கெழம நான் ஒரு நாளும் கடலுக்குப் போனதில்ல."

கோவில் முகப்பில் நின்று பார்த்த நாம், வள்ளம் கரைசேர்ந்த நாளைத்தான் பார்த்தோம். புறப்பட்ட நாள் எது என்று எவரையும் கேட்கவில்லை. நோயின் காரணம் அறியாதது ஒருபுறம் இருக்கட்டும். அதற்கு மருத்துவம் படித்திருக்க வேண்டும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். கிழமை எது என்று கேட்பதற்கு எந்தப் படிப்பும் வேண்டியதில்லை. கரைக்கு நூறு அடி நடந்திருந்தால் போதும்.

நெடுநேரம் பேசாமலிருந்தோம். பின்னர் மன்னிப்புக் கேட்டோம். அவர் பதறி, "சாமி, அப்படியெல்லாம் சொல்லக்கூடாது" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதைக் கண்டு நமக்கு இன்னும் வெட்கமாயிற்று. ஒரு குருவின் மன்னிப்பைப் பெறுவதும் நம் மக்களுக்குச் சங்கடமாகவே இருக்கிறது. அச்சங்கடத்துக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்வது எளிது.

நிலைப்படியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி அவ்வளவு எளிதில் விடவில்லை.

"அதை இங்க வந்து சொல்லி என்ன சாமி? எங்களுக்குத்தான் தெரியுமே. அந்த ஊருக்கு யாரு சொல்லுவா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "எம் பொண்ணுக்கு அந்த ஊர்ல ரெண்டு எடம் பேசி வந்தாங்க. ரெண்டும் தட்டிப்போச்சு. சாமி வாக்கு விழுந்த வீடுன்னு சொன்னாங்க. இன்னைக்கும் அங்க ஒரு சாவுக்குப் போனா, இவரு காலப் பாத்துட்டுப் புள்ளைங்களுக்கு அதச் சொல்லிக் குடுக்காங்க. நீங்க சொன்ன மாதிரியே, அப்படியே சொல்லுவாங்க."

எதுகை மோனையோடு சொன்னால் மக்கள் மறக்கமாட்டார்கள் என்று குருமடத்தில் கற்பித்தவர் பொய் சொல்லவில்லை.

அன்று மாலை தியானப் பிரசங்கத்துக்கு எழுதிவைத்திருந்த தாள்களை எடுக்க மனம் வரவில்லை. சவேரியாரின் கடிதத்தை மட்டும் சொல்லிப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொண்டோம். குருவானவர் நண்பர் காரணம் கேட்டார். சொன்னோம். அவர் ஒன்றும் பேசாமல், பழைய பங்கின் இன்றைய குருவானவருக்குத் தாமே தொலைபேசியில் பேசி, பங்குனி முதல் ஞாயிறன்று நாம் அங்கே மறையுரை ஆற்ற ஏற்பாடு செய்து தந்தார்.

அந்த ஞாயிறு காலை ஐந்தரை மணிப் பூசை. முப்பது நாற்பது பேர், பெரும்பாலும் முதியவர்கள். 1998இல் இந்த இடத்தில் நின்று சொன்னது பொய் என்று தொடங்கினோம். எஞ்சின் நின்றதையும், குழாயில் காற்று நின்றதையும், சனிக்கிழமையையும் சொன்னோம். கம்ப்ரசரில் இறங்குகிறவர்கள் மேலே வரும்போது ஏன் நின்று நின்று வரவேண்டும் என்பதையும், காலோ கையோ மரத்தால் வாதமென்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிராமல் உடனே மருத்துவரிடம் ஓடவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னோம். கையில் தாள் இல்லாததால் வாக்கியங்கள் தடுமாறின.

பூசை முடிந்ததும் வாசலில் ஒரு முதியவர் காத்திருந்தார்.

"நானும் அந்த வள்ளத்துல இருந்தேன் சாமி. சனிக்கெழமதான்."

அன்றே அதை நம்மிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டோம்.

"பிரசங்கத்துக்கு நடுவுல யாரு சாமி எந்திரிச்சுப் பேசுவா?" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

கடற்கரையில் நின்று வேம்பாருக்குத் தொலைபேசியில் அழைத்தோம். அந்த அம்மாதான் எடுத்தார். சொல்லிவிட்டோம் என்றோம். அவர் நன்றி சொல்லவில்லை. நாம் எதிர்பார்க்கவும் நியாயமில்லை.

"எந்தப் பூசையில சாமி?"

முதல் பூசையில் என்றோம்.

சற்று நேரம் பேச்சில்லை. பின்புறத்தில் கோழி கூவும் ஓசை கேட்டது.

"அன்னைக்கு நீங்க சொன்னது ரெண்டாம் பூசையில" என்றார்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தோம். ஏழு மணி ஆகவில்லை. இரண்டாம் பூசை எட்டு மணிக்கு. திரும்பிக் கோவிலுக்கு நடந்தோம்.